சாமி மாடத்தில் ஒரு பிளானல் சட்டை

என் கணவருக்கு நான் செய்துகொடுத்த முதல் சட்டையை அவர் ஒரே ஒரு நாள்தான் போட்டுக்கொண்டார். மறுநாள் அது சாமி மாடத்துக்குப் போய்விட்டது. சட்டைக்குச் சந்தனம் வைத்துப் பூப்போட்ட வீடு செஞ்சியில் எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். வீட்டில் நாங்கள் மூன்றே பேர்: அவர், அவருடைய அம்மா, நான். மாமனார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். என் கணவர் சிங்கவரத்து ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். காலையில் சைக்கிளை எடுத்தால் சாயங்காலம்தான் திரும்புவார். பேச்சு குறைவு. வகுப்பில் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம் இருந்தது.

அவருக்கு இழுப்பு உண்டு. கல்யாணத்தின்போது யாரும் இதை எங்களிடம் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு முதல் மார்கழி வரைக்கும் இருந்தது. மார்கழியில் அவர் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, மார்பு விம்ம, சீட்டியடிப்பதுபோல மூச்சுவிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்றைக்குக் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. பயம் மட்டும்தான் மிஞ்சியது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நான் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருப்பேன். இந்த ஆள் எனக்கு வேண்டும் என்று அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். திண்டிவனத்து டாக்டர், ஈரம் படக்கூடாது, மார்பு எப்போதும் கதகதப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அடுத்த குளிர்காலத்துக்குள் அதற்கு ஒரு வழி செய்துவிடுவது என்று நானும் தீர்மானித்துவிட்டேன்.

கடைவீதியில் போய்ப் பிளானல் துணி கேட்டால், "பொறந்த கொழந்தைக்காம்மா?" என்றார் கடைக்காரர்.

"இல்லீங்க. பொறந்து இருபத்தெட்டு வருஷம் ஆனவருக்கு."

அவரிடம் இருந்ததெல்லாம் குழந்தை நிறங்கள்தான். ரோஸ், இளமஞ்சள், வெளிர்நீலம். நீலத்தை வாங்கினேன். டெய்லரிடம் தொளதொளவென்று, முழுக்கை வைத்து, கழுத்துவரை பொத்தான் போட்டுத் தைக்கச் சொன்னேன். தைத்து வந்தது. தொட்டால் கையை எடுக்க மனம் வராது, அவ்வளவு மெத்தென்று இருந்தது. ஆனால் விரித்துப் பார்த்தால் தொட்டிலில் இருந்து எழுந்து வந்த குழந்தையின் சட்டையைப் பெரிதாக்கி வைத்ததுபோல இருந்தது. இதைப் போட்டுக்கொண்டு ஒரு வாத்தியார் நான்கு பேர் முன்னால் எப்படி நிற்பார்?

பள்ளிக்கூடத்தில் நான் எம்பிராய்டரி கற்றுக்கொண்டவள். தலையணை உறைகளில் கிளி போட்டு, அதன் கீழே 'குட் நைட்' என்று எழுதி எழுதியே கை மரத்துப் போனவள். கிளியும் மயிலும் போதும், இந்தச் சட்டைக்கு ஒரு சிங்கம் வேண்டும் என்று தோன்றியது. அந்த மார்பின்மேல் ஒரு காவல் இருக்கட்டும் என்று ஆசை. வேறு காரணம் இல்லை. ஒரு தீப்பெட்டி மேலே இருந்த கட்டைவிரல் அளவுச் சிங்கத்தைக் கட்டம் கட்டிப் பெரிதாக்கி, கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுத்து, இருபது நாள் உட்கார்ந்து போட்டேன். பிடரி மயிர் மட்டும் ஆரஞ்சும் காப்பிக்கொட்டை நிறமும் கலந்து சங்கிலித் தையல். மாமியார் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார்.

ஐப்பசியில் ஒரு நாள் அவர் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். சாயங்காலம் திரும்பி வந்தவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம். சாப்பிட உட்கார்ந்தபோது தானாகவே பேச ஆரம்பித்தார்.

"பசங்க இன்னிக்கி பாடமே படிக்கலம்மா. சிங்கம் சிங்கம்னு ஒவ்வொருத்தனா வந்து தொட்டுப் பாக்கிறானுங்க. ஒண்ணாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு, கடிக்குமா சார்ன்னு கேக்குது."

மாமியார் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே நிறுத்தினார்.

"சிங்கமா? நா நாயின்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!"

இருபது நாள் உழைப்பு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் மாமியாருடைய கவலை வேறு என்பது அடுத்த நிமிஷமே தெரிந்தது. சாப்பாடு முடிந்ததும் மகனை நிற்க வைத்துச் சட்டையைக் கழற்றச் சொன்னார். வாங்கி, தலைகீழாகிவிடாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்ச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு வந்தார்.

நாங்கள் ஜைனர்கள். இந்தப் பக்கத்தில் எங்கள் ஆட்களுக்கு நிலமும் வியாபாரமும் எத்தனையோ தலைமுறையாக உண்டு. எங்கள் தீர்த்தங்கரர்கள் இருபத்து நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் உண்டு. லாஞ்சனம் என்போம். சிலையின் பீடத்தில் அதைச் சின்னதாகச் செதுக்கியிருப்பார்கள். கடைசி பகவானுக்குச் சிங்கம். இது எனக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும் தீப்பெட்டியைப் பார்த்தபோது ஞாபகத்துக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் வளர்ந்தவள் செய்யக்கூடாத தப்புதான்.

"பகவானோட லாஞ்சனத்தெப் போட்டுக்கினு வேர்க்க விறுவிறுக்க சைக்கிள் ஓட்டுவான். கொல்லைக்கிப் போவான். அப்புறம் அதெக் கல்லுல அடிச்சித் தொவைப்பே. நல்லாவா இருக்குது?" என்றார் என்னிடம். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

"தெரியாம பண்ணிட்டேன் அத்தெ. சிங்கத்தெப் பிரிச்சி எடுத்துடறேன். வெறுஞ் சட்டையா போட்டுக்கட்டும்."

"பிரிக்கறதா? மாவுல செஞ்ச பொம்மையெ அறுத்தாலே கொலைதான்னு படிச்சிருக்கோம். கண்ணு, மூக்கு, காலு எல்லாம் வெச்சிட்டு இப்போ கத்திரிக்கோல எடுக்கறேன்றே."

இப்படிப் பேசுகிறவரிடம் என்ன சொல்வது? விறகைக்கூட ஒவ்வொன்றாகத் தரையில் தட்டி, எறும்பு இருந்தால் உதறிவிட்டுத்தான் அடுப்பில் வைப்பார் என் மாமியார். குடிக்கிற தண்ணீரை இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டுவார். கிழங்கு என்ற சொல்லே சமையல்கட்டுக்குள் வராது. தெரியாமல் செய்ததற்கு அவ்வளவு பாவம் இல்லை, தெரிந்தபின் செய்தால்தான் பாவம் என்று என்னைச் சமாதானமும் செய்தார். சட்டை மாடத்திலேயே தங்கிவிட்டது. காலையில் விளக்கேற்றும்போது அதற்கும் ஒரு பூ.

என் கணவர் ஒரே ஒருமுறை வாதாடிப் பார்த்தார். ஊரை ஒட்டிய சிறுகடம்பூர்க் குன்றில் இருபத்து நான்கு பேரையும் ஒரே பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். "அங்க யாருக்கும் கீழே சிங்கமும் இல்ல, யானையும் இல்லியேம்மா. எல்லாரும் ஒரே மாதிரிதானே ஒக்காந்துகினு இருக்காங்க" என்றார்.

"பாறையில இல்லன்னா இன்னாடா? என் மனசுல இருக்குதே" என்றார் மாமியார். அதோடு வாதம் முடிந்தது.

ஆனால் மார்கழி நிற்குமா? கார்த்திகை பிறந்ததுமே காலைப் பனியில் அவருக்கு இருமல் தொடங்கிவிட்டது. நான் மறுபடியும் கடைவீதிக்குப் போய் அதே நீலப் பிளானலை வாங்கி வந்தேன். இந்தத் தடவை ஒன்றும் போடாமல் தைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் தயங்கித் தயங்கி, "பசங்க தெனமும் கேக்கறானுங்க. மிருகம் ஏதாவது ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்" என்றார். கல்யாணமாகி அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது. எனக்கும் உள்ளுக்குள் ஒரு வீம்பு இருந்தது. நான் போட்டதை மாமியார் நாய் என்று சொல்லிவிட்டாரே! இந்தத் தடவை முப்பது அடி தூரத்தில் நின்று பார்த்தாலும் இன்ன மிருகம் என்று தெரிய வேண்டும்.

அப்படியே மாமியாரிடம் கேட்டுவிட்டே தொடங்குவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். அப்போதுதான் தெரிந்தது, எங்கள் சாமிகள் காட்டில் ஒன்றையும் எங்களுக்கு விட்டுவைக்கவில்லை என்று.

"யானை?" என்றேன்.

"ரெண்டாவது பகவானுக்கு."

"குதிரை?"

"மூணாவது. கொரங்கு நாலாவது. காளை மொதல்லியே போயிடுச்சி."

காண்டாமிருகம், எருமை, பன்றி, மான், முதலை, ஆமை, பாம்பு. நான் சொல்லச் சொல்ல அவர் விரலை மடக்கிக்கொண்டே வந்தார். எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"புலி யாருக்கும் இல்லியே?" என்றார் என் கணவர், பரீட்சையில் பதில் கண்டுபிடித்த பையன்போல.

"அது அடிச்சித் தின்னும். அதெ ஏண்டா நெஞ்சுல வெச்சிக்கணும்?"

"சிங்கம் மட்டும் கீரையா தின்னுது?" என்று நான் கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

மாமியார் கோபித்துக்கொள்ளவில்லை. "அந்தச் சிங்கம் முனிவர் சொன்னதெக் கேட்டு, அடிச்சித் தின்றதெ வுட்டுட்டு வெரதம் இருந்து செத்துப் போச்சி. அப்புறம் பொறந்து பொறந்துதான் கடைசி பகவானாச்சி. ஒன் புலி ஏதாவது வெரதம் இருந்துதா?"

புலியை விட்டோம். கரடி என்றேன். சில புத்தகங்களில் பதினான்காமவருக்கு முள்ளம்பன்றி, சில புத்தகங்களில் கரடி, எதற்கு வம்பு என்றார். மேலும் கரடி தேன் குடிக்கும். எங்கள் வீட்டில் மருந்துக்குக்கூடத் தேன் கிடையாது. நரியைச் சொன்னால் என் கணவரே ஒப்புக்கொள்ளவில்லை, வாத்தியார் நரியைப் போட்டுக்கொண்டு போனால் பையன்கள் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள் என்றார். முயலைப் பற்றி யாரும் கேட்பதற்கு முன்னால் நானே வேண்டாம் என்றேன். அதற்குக் குழந்தைச் சட்டையே மேல்.

கடைசியில் என் கணவர் எழுந்துபோய்ப் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த விலங்குப் படத்தாளைச் சுருள் பிரித்துக் காட்டினார். கீழ் வரிசை ஓரத்தில் ஒட்டகச்சிவிங்கி. மாமியார் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. படத்தின் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"இது இன்னா தின்னும்?"

"தழைதாம்மா. மரத்து உச்சியில இருக்கிற தழை."

"யாரையாவது கடிக்குமா?"

"அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது."

"பாவமா இருக்குது மூஞ்சி. இதெப் போடு" என்றார் என்னிடம்.

இதை யாரும் நாய் என்று சொல்ல முடியாது என்பதில் எனக்குப் பரம திருப்தி. இந்தத் தடவை துணியை வெட்டி, முன்பக்கத்தை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு, தைப்பதற்கு முன்பே எம்பிராய்டரியைத் தொடங்கினேன். கால் நான்கும் சட்டையின் அடிவிளிம்பில். அதன் கழுத்து, பொத்தான் வரிசைக்குப் பக்கத்திலேயே நீளமாக மேலே ஏறித் தோள்பட்டைக்குப் போக வேண்டும். உடம்பில் எத்தனை திட்டு, எத்தனை திட்டு! ஒவ்வொரு திட்டையும் நிரப்பி முடிப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும். ஏன் இவ்வளவு நீளமான மிருகத்தை ஒப்புக்கொண்டோம் என்று தினமும் நொந்துகொண்டேன்.

வயிறுவரை வந்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடாத மழை. கோட்டை மலைகள் மூன்றும் மேகத்துக்குள் போய்விட்டன. கூடத்தில் கொடி கட்டி உலர்த்திய துணிகள் நான்கு நாளாகியும் சொதசொதவென்றுதான் இருந்தன. பாய் ஈரம், போர்வை ஈரம், பெட்டிக்குள் மடித்து வைத்தவற்றில்கூட ஈர வாடை. நான்காவது நாள் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது என்று பிள்ளைகளை ஒவ்வொருவராக வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, தொப்பலாக நனைந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அவர் வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம்.

தலையைத் துவட்டி முடிப்பதற்குள் சீட்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

மாமியார் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து முதுகில் ஒத்தடம் கொடுத்தார். நான் கொடியில் இருந்ததையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடக் காயவில்லை. வெட்டி வைத்திருந்த புதுப் பிளானல் துண்டுகளும் ஈரம் கோத்திருந்தன. பெட்டியின் அடியிலிருந்து என் கல்யாணப் புடவையை எடுத்துவந்து போர்த்தினேன். அது வழுவழுவென்று சரிந்து விழுந்ததே தவிர சூடு தரவில்லை. அவருக்கு உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது. திண்டிவனத்துக்குப் போக அந்த மழையில் வண்டி கிடையாது. வீட்டில் காய்ந்த துணி, கதகதப்பான துணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. விளக்குச் சூட்டில் அது காய்ந்து இருக்கும் இடமும் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். கேட்டுவிடலாம் என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. எதற்கும் தயங்காத நான் அன்று தயங்கினேன். மாமியாருடைய சாமியை நான் எப்படிக் கேட்பது?

மாமியார் ஒத்தடத்தை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். மாடத்தின் முன்னால் நின்று கை கூப்பினார். பிறகு சட்டைமேல் இருந்த பூவை எடுத்து ஓரமாக வைத்தார், காய்ந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்தார், கொண்டுவந்து மகன் முன்னால் விரித்துப் பிடித்தார்.

"கையெத் தூக்குடா."

"வேணாம்மா..." அதற்குமேல் அவருக்கு மூச்சு வரவில்லை.

"கையெத் தூக்குன்றேன் இல்ல."

தூக்கினார். சின்னப் பையனுக்குப் போடுவதுபோலப் போட்டுவிட்டு, கழுத்துவரை பொத்தானைப் பூட்டி, சிங்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் இந்தப் பக்கம் ஒத்தடம். வெகுநேரம் கழித்துச் சீட்டிச் சத்தம் மெல்லத் தேய்ந்தது. சிங்கம் காப்பாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். உப்பும் காய்ந்த பிளானலும் தங்கள் வேலையைச் செய்தன. இழுப்பு அதற்குப் பிறகும் வருஷா வருஷம் வந்தது, ஆனால் அந்த அளவுக்கு வந்ததில்லை.

ஒட்டகச்சிவிங்கியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு முன்னால் முடித்தேன். ஆனால் அதற்குள் சிங்கச் சட்டை அவருடையதாகிவிட்டிருந்தது. "எறங்கினது எறங்கினதுதான், இனிமே அது அவன் சட்டெ" என்று மாமியார் சொல்லிவிட்டார். தானே தனியாகத் துவைத்து, மிதிபடாத இடமாகப் பார்த்து உலர்த்துவார். ஒட்டகச்சிவிங்கிச் சட்டையை, நூல் முடிச்சு உள்ளே குத்துகிறதா பார்க்கிறேன் என்று ஒரு விடிகாலையில் புடவைமேல் போட்டுக்கொண்டவர் கழற்றவே இல்லை. உயரமான மனுஷி, கழுத்து சரியாகத் தோளுக்கு வந்தது. பால் வாங்கப் போகும்போது எதிர்வீட்டுப் பெண், "இது எந்தச் சாமியோடது?" என்று கேட்டாள். "எந்தச் சாமியும் கேக்கல. அதான் நா எடுத்துக்கினேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் நான் சொல்ல வந்தது, மழை விட்ட அந்த மறுநாள் காலையைப் பற்றி.

என் கணவர் சிங்கச் சட்டையோடு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மாமியார் குளித்துவிட்டு, வழக்கம்போல விறகைத் தட்டி அடுப்பு மூட்டி, கஞ்சி வைத்தார். மகனுக்கு ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடிவைத்தார். எனக்குத் தட்டில் ஊற்றினார். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

"நீங்க சாப்புடலியா அத்தெ?"

"எனக்கு இன்னிக்கி இல்ல."

அஷ்டமி, சதுர்த்தசி நாட்களில் அவர் உபவாசம் இருப்பார். அன்று இரண்டும் இல்லை. காலண்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் எனக்கு மெல்லப் புரிந்தது.

"உசிரு போற நேரம் அத்தெ. அது கூடவா பாவம்?"

"மொத நாளு அவன் போட்டுக்கினு போனது தெரியாம. நேத்து நா தெரிஞ்சே பண்ணேன்."

"அதெத் தெச்சது நான். அப்போ எனக்கும் பங்கு இருக்குது" என்று தட்டைத் தள்ளிவைத்தேன்.

"நீ சாப்புடு. ராவெல்லாம் முழிச்சிக்கினு இருந்தே. இது என்னோடது."

எனக்கு அழுகையும் வந்தது, அதைவிட அதிகமாகக் கோபமும் வந்தது. இவ்வளவு நல்லவராக இருக்கிறவரிடம் கோபிக்காமல் வேறென்ன செய்வது? வானம் இன்னும் மூட்டமாகத்தான் இருந்தது. "இன்னிக்கும் மழெ வந்து, அவருக்கு மறுபடியும் இழுத்தா இன்னா பண்ணுவீங்க?" என்று கொஞ்சம் காரமாகவே கேட்டேன்.

அவர் அடுப்பில் எரிந்துகொண்டிருந்த விறகை வெளியே இழுத்து அணைத்தார்.

"மறுபடியும் எடுத்துப் போடுவேன். அதுக்கும் சேத்துதான் இன்னிக்கி இருக்கேன்."

நான் என் கஞ்சியை என் கணவரின் கிண்ணத்திலேயே ஊற்றி மூடிவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். மாமியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தடுக்கவில்லை.